அறுநூறு வயலுக்கும் ஒரே நேரத்தில் தண்ணீர்

கிட்ட வந்து உட்காருங்கள் கண்ணுகளா. பின்னால் நிற்கிறவர்களும் வாருங்கள், இடம் இருக்கிறது. இரண்டாயிரம் கோடி ரூபாய் செலவான ஒரு விளையாட்டின் கதையைச் சொல்லப் போகிறேன். அவ்வளவு பணத்தை எங்கே கொட்டினார்கள் என்றும் சொல்கிறேன், நம் மன்னார்குடியில் பதினான்கு பேருடைய பிழைப்பு அதில் எப்படி மாட்டிக்கொண்டது என்றும் சொல்கிறேன். கேட்டுவிட்டு எழுந்து போகும்போது மனசு லேசாக இருக்கும், அதற்கு நான் பொறுப்பு.

மன்னார்குடியில் தெப்பக்குளத்துக்குப் பக்கத்துத் தெருவில் ஓர் உரக்கடை. அதன் மாடியில் ஜெனித் என்ற பெண் ஒரு கம்பெனி நடத்தினாள். பெங்களூரில் பதினோரு வருடம் வேலை பார்த்துவிட்டு ஊருக்குத் திரும்பியவள். சுவரில் பூண்டி மாதா படம், அதன் கீழே பதினான்கு கம்ப்யூட்டர். கீழே யூரியா மூட்டை இறங்கினால் மேலே மேசை அதிரும். வீடியோ கேமுக்கு வேண்டிய மரம், சுவர், குடம், மாடு எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் செய்து கொடுப்பதுதான் அவர்கள் தொழில்.

அந்த இரண்டாயிரம் கோடி விளையாட்டு கடல் தாண்டி இருக்கிற ஒரு பெரிய கம்பெனியுடையது. குதிரையில் ஒருவன் தேசம் தேசமாகப் போகிற ஆட்டம். சினிமாவில் வீடு வேண்டுமென்றால் முன்பக்கச் சுவரை நிறுத்தினால் போதும், கேமரா பின்னால் போகாது. விளையாட்டில் அப்படி ஏமாற்ற முடியாது. ஆடுகிறவன் கொல்லைப்பக்கம் போவான், கட்டிலுக்கு அடியில் குனிந்து பார்ப்பான், பானையை உடைத்து உள்ளே என்ன என்பான். ஆகவே கொல்லையையும் கட்டிலின் அடியையும் பானையின் உள்பக்கத்தையும் யாராவது உட்கார்ந்து செய்தாக வேண்டும். ஆறு நாடுகளில் ஆயிரத்து எண்ணூறு பேர் ஏழு வருடமாக அதைத்தான் செய்தார்கள். குதிரையின் வால்முடி காற்றில் பறப்பதற்கே ஒரு மனிதர் நான்கு மாதம் செலவழித்தாராம். மாதம் பிறந்தால் எல்லோருக்கும் சம்பளம். பணம் அப்படித்தான் போகிறது.

அந்த ஆட்டத்தில் நெல் விளைகிற தேசம் ஒன்று வந்தது. கோட்டைக்கும் ஆற்றுக்கும் நடுவே அறுநூறு வயல். அந்த வேலை ஜெனித்துக்குக் கிடைத்தது. அதை நம்பிக் கைவசம் இருந்த சின்ன வேலைகளை எல்லாம் அவள் விட்டுவிட்டாள். "இந்த வேலை முடியிறவரைக்கும் உங்கள்ல ஒருத்தரும் பெங்களூருக்கு ரயில் ஏற வேண்டியதில்லை" என்று பதினான்கு பேருக்கும் வாக்குக் கொடுத்திருந்தாள்.

வயலைச் செய்தவன் தியாகு. வரப்பின் ஓரத்தில் நண்டு வளை வரைக்கும் செய்தான். கூடவே யாரும் கேட்காத ஒரு காரியத்தையும் செய்தான். அறுநூறு வயலுக்கும் அறுநூறு மடை வைத்தான். வாய்க்காலிலிருந்து வயலுக்குத் தண்ணீர் நுழைகிற அந்தச் சின்ன வரப்பு வாய். அதில் தண்ணீரை ஓட விட்டவள் ஜீவிதா. திருத்துறைப்பூண்டிப் பக்கம், வாய்க்கால் தண்ணீர் கடைசியாக வந்து சேர்கிற கடைமடைக் கிராமத்துப் பெண், தினம் பஸ்ஸில் வந்து போவாள். கம்ப்யூட்டரில் தண்ணீர் ஓட வைப்பதில் கெட்டிக்காரி. மடையில் நுரை சுழல்கிறதும் வைக்கோல் துணுக்கு ஒதுங்குகிறதும் அப்படியே இருக்கும். முதல் பத்து வயலை அனுப்பியபோது அந்தப் பெரிய கம்பெனியின் டைரக்டர் சொக்கிப் போனார்.

அறுநூறும் சேர்ந்தபோதுதான் வினை வந்தது.

புரட்டாசியில் ஒரு திங்கட்கிழமை காலை தஹ்மீனாவின் போன் வந்தது, ஜெனித் ஸ்பீக்கரில் போட்டாள். அவள் கூத்தாநல்லூர்க்காரி, சென்னையில் இருந்துகொண்டு அந்தப் பெரிய கம்பெனிக்காக இங்குள்ள வேலைகளை மேற்பார்வை பார்க்கிறவள்.

"ஜெனித், உங்க வயல்ல குதிரை இறங்குனதும் ஆட்டமே நின்னு போவுது. ஒவ்வொரு மடையிலயும் தண்ணி எந்தப் பக்கம் போவுதுன்னு மெஷினு செகண்டுக்கு அறுபது தடவ கணக்குப் போடுது. அறுநூறு மடை! யாருங்க இத்தனை மடை வைக்கச் சொன்னது?"

ஜெனித் போனைப் பொத்திக்கொண்டு தியாகுவைப் பார்த்தாள்.

"மடை இல்லாம வயலாக்கா?" என்றான் தியாகு. "வாசப்படி இல்லாம வீடு கட்டச் சொல்றாங்களா?"

"அத நான் அவங்ககிட்ட சொல்ல முடியாது தியாகு."

தஹ்மீனா மீதியைச் சொன்னாள். இதைச் சரிசெய்ய அங்கே முப்பது பேர் ஐந்து மாதம் உட்கார வேண்டும், இருபத்தைந்து கோடி ஆகும். ஏற்கெனவே செலவு கைமீறிவிட்டதென்று மேலிடத்தில் கத்துகிறார்கள். அதனால் நெல் தேசத்தையே ஆட்டத்திலிருந்து எடுத்துவிடலாம் என்கிறார்கள். வெள்ளிக்கிழமை மாலை நான்கு மணிக்கு முடிவு.

"மடையெல்லாம் அடைச்சுட்டு, தண்ணிய அப்படியே நிக்க வச்சுக் கொடுத்தா?" என்று கேட்டாள் ஜெனித்.

"நிக்கிற தண்ணிக்கு நீங்க எதுக்குங்க? அவங்ககிட்டயே பழைய புல்லுத்தரை ஒண்ணு இருக்கு, அதப் போட்டுக்குவாங்க. தண்ணி ஓடுறதுக்குத்தான் உங்களப் புடிச்சாங்க."

போனை வைத்தபோது மாடியில் எல்லோரும் அவளையே பார்த்தார்கள். எல்லோருக்கும் கேட்டிருந்தது. ஜெனித் எழுந்து, "வெள்ளிக்கிழமை நாலு மணி வரைக்கும் இது நம்ம வயலுதான். வேலையப் பாருங்க" என்றாள். குரல் உறுதியாகத்தான் இருந்தது.

மூன்று நாள் என்னென்னவோ செய்து பார்த்தார்கள். தண்ணீரைத் தடிப்பாக்கினார்கள், கூழ் மாதிரி ஓடியது. மடையைப் பாதியாக்கினார்கள், ஆட்டம் அப்போதும் திணறியது. தியாகு ஆத்திரத்தில் எல்லா மடையையும் அடைத்துக் காட்டினான். திரையைப் பார்த்துவிட்டு அவனே, "கல்யாண மண்டபத்துல பச்சைக் கம்பளம் விரிச்சாப்ல இருக்கு. செருப்பக் கழட்டி வச்சுட்டுப் போவணும் போலருக்கு" என்றான். சிரிப்பு வந்தது, வழி வரவில்லை.

வியாழக்கிழமை பதினோரு மணிக்கு ஜீவிதா தோளில் பையை மாட்டிக்கொண்டு ஜெனித்தின் மேசைக்கு வந்தாள்.

"அக்கா, நான் கிளம்பணும். லீவு வேணும்."

"இன்னிக்கா?"

"இன்னிக்குத்தான் அக்கா. எங்க முறை வந்திருக்கு."

ஜெனித்துக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "ஜீவிதா, நாளைக்கு நாலு மணிக்கு நம்ம எல்லாருக்கும் சோறு இருக்கா இல்லையான்னு தெரியும். தண்ணி உன் கையில இருக்கு. நீ வயலுக்குத் தண்ணி பாய்ச்சப் போறேங்கிற!"

"பின்ன? அப்பா முட்டி ஆபரேஷன் பண்ணிப் படுத்திருக்காரு. நடவு நட்டு இருவது நாளாச்சு. இன்னிக்கு மூணு மணியிலேருந்து அஞ்சு மணி வரைக்கும்தான் எங்க வயலுக்குத் தண்ணி. விட்டா அப்புறம் ஆறு நாள் காஞ்சு கிடக்கணும்."

"வேற யாராச்சும் மடையைத் திறந்துவிட மாட்டாங்களா?"

"அவங்கவங்களுக்கு அவங்கவங்க வயலு அக்கா. மூணு மணி வரைக்கும் மேல வயலுக்காரரு முறை. அவரு அடைச்சா நாங்க தொறக்கணும், நாங்க அடைச்சா கீழ இருக்கவங்க தொறக்கணும். ஒரு வாய்க்காத் தண்ணிய எல்லாரும் ஒண்ணாத் தொறந்தா ஒருத்தருக்கும் பாயாது." அவளுக்கும் கோபம் ஏறிவிட்டது. கணினித் திரையைக் கையால் காட்டினாள். "நாமதான் இங்க மூணு நாளா அறுநூறு வயலுக்கும் ஒரே நேரத்துல தண்ணி வுட்டுக்கிட்டு, ஓடலை ஓடலைன்னு முட்டிக்கிட்டு இருக்கோம். எந்த ஊருல அக்கா..."

பாதியில் நிறுத்தினாள். கை அப்படியே திரையின் பக்கம் நீட்டியபடி நின்றது.

"எந்த ஊருல?" என்றாள் ஜெனித் மெல்ல. அவளும் எழுந்துவிட்டாள்.

"எந்த ஊருலயும் இல்ல அக்கா" என்றாள் ஜீவிதா. "முறை வைக்காம இருந்திருக்கோம்."

தியாகு நாற்காலியோடு உருண்டு வந்தான். மூன்று பேரும் நின்ற வாக்கிலேயே ஓர் உரக்கடை ரசீதின் பின்பக்கம் கோடு போட்டார்கள். அறுநூறு வயலை எட்டு முறையாகப் பிரிக்க வேண்டியது. ஒரு நேரத்தில் ஒரு முறைக்கு மட்டும் மடை திறக்கும். அங்கே மட்டும் தண்ணீர் ஓடும், மெஷின் அதற்கு மட்டும் கணக்குப் போடும். மற்ற வயல்களில் பாய்ந்த தண்ணீர் சும்மா நிற்கும். நேரம் முடிந்தால் மண்வெட்டியோடு ஆள் வந்து இந்த மடையை அடைத்து அடுத்ததைத் திறப்பான்.

ஜெனித் மணியைப் பார்த்தாள். "பன்னெண்டு மணி பஸ்ஸப் புடி. முறை தப்பக் கூடாது. இங்க பிரிக்கிற வேலைய நாங்க பாக்குறோம், அங்க மடை தொறக்குறத எனக்குப் போன்ல புடிச்சு அனுப்பு. மண்ணு எப்படி விழுது, தண்ணி எப்படி முதல்ல நுழையுதுன்னு தெரியணும்."

"போனைப் புடிப்பனா, மம்பட்டியப் புடிப்பனா அக்கா?"

"ரெண்டையும் புடி. போ."

மறுநாள் காலை ஏழு மணிக்கெல்லாம் ஜீவிதா வந்துவிட்டாள், கால் நகத்தில் சேறு போகாமல். அவள் அனுப்பிய படத்தில் இருந்தபடியே முதலில் தண்ணீர் ஒரு நாக்கு மாதிரி நீண்டு, மண்ணைக் கரைத்து, பிறகு சட்டென்று அகலமாக நுழைவதைத் திரையில் கொண்டுவந்தாள். மூன்றரை மணிக்கு எட்டு முறையும் சுற்றிவர ஓடின.

நான்கு மணி. திரையில் டைரக்டர், அவருக்குப் பக்கத்துச் சதுரத்தில் சென்னையிலிருந்து தஹ்மீனா. டைரக்டரே குதிரையை ஓட்டினார். கோட்டையிலிருந்து இறங்கி வரப்பில் வந்தார். ஆட்டம் நிற்கவில்லை. தலைப்பாகை கட்டிய ஒருவன் அவருக்கு முன்னால் குனிந்து மண்ணை வெட்டினான், தண்ணீர் நாக்கை நீட்டி நுழைந்தது. டைரக்டர் குதிரையை நிறுத்தினார். சண்டை போட வந்த வீரன், வயலுக்குத் தண்ணீர் பாய்வதை இரண்டு நிமிஷம் பார்த்துக்கொண்டு நின்றான். மெஷினுக்கு ஏறிய பாரம் பழையதில் எட்டில் ஒரு பங்கு என்று ஓரத்தில் எழுத்து ஓடியது.

பிறகு அவர் என்னவோ கேட்டார். தஹ்மீனா தமிழில் திருப்பினாள். "ஆடுறவன் குதிரையிலேருந்து இறங்கி, முறை இல்லாத மடைய வெட்டிவிட்டா என்ன ஆகும்னு கேக்குறாரு."

தியாகு யோசிக்கவே இல்லை. "ஊரே மம்பட்டியத் தூக்கிக்கிட்டு வரும்னு சொல்லுங்க."

அவள் சொன்னாள். டைரக்டர் விழுந்து விழுந்து சிரித்துவிட்டு வேகமாகப் பேச ஆரம்பித்தார். கேட்டுக்கொண்டிருந்த தஹ்மீனா நெற்றியில் கைவைத்துக்கொண்டாள். "தியாகு, நல்லா இருப்பீங்க. அந்தச் சண்டையும் ஆட்டத்துல வேணுமாம். ஊர்க்காரங்க நாப்பது பேரு, ஆளுக்கொரு முகம், ஆளுக்கொரு வசவு. செலவக் குறைக்கக் கூட்டுன மீட்டிங்ல செலவ ஏத்திவிட்டீங்களே!"

"அப்ப தேசம் இருக்கா?" என்றாள் ஜெனித்.

"இருக்கு ஜெனித். அறுநூறு இல்ல, நானூறு வயலு. மத்தத வெட்டிட்டாங்க. ஆனா நாப்பது ஆளையும் நீங்கதான் செய்யணுமாம். இன்னும் பதினெட்டு மாசம்."

இருநூறு வயல் போனதில் தியாகுவுக்கு வருத்தம்தான். அதில் ஒவ்வொரு நண்டு வளையும் அவன் கையால் செய்தது. மற்றவர்கள் கீழே போய் டீ சொல்லிக்கொண்டிருந்தபோது அவன் மட்டும் திரையில் அந்த வயல்களில் ஒருமுறை நடந்துவிட்டு வந்தான். வந்ததும் ஜீவிதாவிடம் கேட்டான், "நாப்பது பேருக்கும் வசவு வேணுமாமே. உங்க ஊருலேருந்து எத்தனை தேறும்?"

"அடுத்த முறைக்குக் கூட வா. காது நிறைய வாங்கிட்டு வரலாம்" என்றாள் அவள்.

ஜெனித் மாதா படத்துக்குக் கீழே அந்த உரக்கடை ரசீதை ஒட்டிவைத்தாள். பதினான்கு பேரில் ஒருவரும் ரயில் ஏறவில்லை.

அவ்வளவுதான் என் கண்ணுகளா. இருட்டுமுன் வீடு போய்ச் சேருங்கள். உங்கள் வயலுக்கும் உங்கள் குழாய்க்கும் முறை தப்பாமல் தண்ணீர் வரட்டும். உங்கள் பிள்ளைகளுக்கு ஒரு பஸ் தூரத்தில் நல்ல வேலை அமையட்டும். சாயங்காலம் உங்கள் வீட்டு உலையில் எல்லோருக்கும் சேர்த்து அரிசி விழட்டும், சாப்பிட எல்லோரும் வந்து சேரட்டும்.