அடுப்பை அணைத்தது முட்டைக்குத் தெரியாது

இன்னும் கொஞ்சம் கிட்டே வாருங்கள், கண்ணுகளா. கதவோரம் உட்கார்ந்தால் பாதிக் கதை வாசல் வழியே போய்விடும். இன்றைக்கு முட்டை அவித்த ஒருவருடைய கதை. சிரிக்காதீர்கள், அவர் பட்ட பாடு அவருக்குத்தான் தெரியும்.

கைக்கடிகாரம் பழுது பார்க்கிறவர் அவர். வீட்டு முன்னறைதான் கடை. மனைவி போய் ஆறு வருஷம். மகனுக்குக் கப்பலில் வேலை. கரைக்கு வர இன்னும் நான்கு மாதம். வீட்டில் இருந்தது அவரும், பிள்ளை பெற்றுப் பதினோரு நாளான மருமகளும், அந்தச் சின்ன உருண்டையும்தான். மருமகளுக்குத் தாய் இல்லை.

மாமனாரும் மருமகளும் சண்டை போட்டதே கிடையாது. சண்டை வருமளவுக்குப் பேசினால்தானே? "சாப்பிட்டியாம்மா?" "சாப்பிட்டேன் மாமா." அன்றைய பேச்சு முடிந்தது.

காய்ச்சல் வந்து அவள் துரும்பாக இளைத்துவிட்டாள். பார்க்க வந்த நர்ஸ் அம்மா வாசலிலேயே அவரைப் பிடித்துக்கொண்டார். "தினம் ரெண்டு அவிச்ச முட்டை உள்ள போகணும். வெள்ளிக்கிழமை வருவேன். இப்படியே இருந்தா ஆஸ்பத்திரியில சேர்க்க வேண்டியதுதான். தாய் ஒரு பக்கம், பிள்ளை ஒரு பக்கம்னு ஆயிடும்."

வெந்நீர் வைப்பதோடு அவர் சமையல் முடிந்துவிடும். ஆனால் நேரம் பார்க்கத் தெரியுமே! முட்டைக் கடைக்குப் போய் அன்று வந்த முட்டையாகப் பொறுக்கி எடுத்தார். கடிகாரமும் கையுமாக அடுப்படியில் நின்றார். தண்ணீர் கொதித்துப் பத்தாவது நிமிஷம், வினாடி பிசகாமல் அடுப்பை அணைத்தார். அப்புறம் நிம்மதியாகத் தன் மேசைக்குப் போய் வேலையைப் பார்த்தார். அரை மணி கழித்து உரித்தால் பாதிச் சதை ஓட்டோடு வந்தது. மிச்சத்தைத் தட்டில் வைத்து, கட்டிலருகே முக்காலியில் வைத்துவிட்டு, தலை நிமிராமல் திரும்பினார்.

"சாப்பிட்டியாம்மா?"

"நல்லா இருந்துச்சு மாமா."

மூன்று நாள் இப்படியே போயிற்று. நான்காம் நாள், புதன்கிழமை காலை. அவள் குளிக்கப் போயிருந்தபோது குழந்தை நனைத்துக்கொண்டு வீறிட்டது. மாற்றுத்துணி எடுக்க இழுப்பறையை இழுத்தவர் மூக்கைப் பொத்திக்கொண்டார். குட்டிச் சட்டைகளுக்கு அடியில், ஒரு துண்டில் பொதிந்து, ஆறு முட்டைகள்.

கோபம் வரவில்லை. பயம்தான் வந்தது. ஒன்றுகூட உள்ளே போகவில்லை. வெள்ளிக்கிழமைக்கு இரண்டே நாள். அதைவிட, பிடிக்கவில்லை என்று ஒரு வார்த்தை சொல்லக்கூட இந்தப் பெண்ணுக்குத் தன்னிடம் வாய் வரவில்லையே!

அன்றைக்கு அவித்ததில் ஒன்றை அறுத்து, கண்ணில் லென்ஸை மாட்டிப் பார்த்தார். மஞ்சள் கருவைச் சுற்றிப் பச்சையாக ஒரு வளையம். மோந்தால் குடலைப் புரட்டியது. அப்படியே முட்டைக் கடைக்குக் கொண்டுபோனார்.

"ஏம்மா, உன் முட்டையில ஏதோ கோளாறு."

கடைக்காரம்மா பார்த்தாள். "கோளாறு முட்டையில இல்லண்ணே. எவ்வளவு நேரம் வேக வச்சீங்க?"

"சரியா பத்து நிமிஷம்!"

"அப்புறம்?"

"அப்புறம் என்ன? அடுப்பை அணைச்சிட்டேன்."

"அணைச்சது உங்களுக்குத் தெரியும். உள்ள கிடக்கிற முட்டைக்கு யாரு போய்ச் சொன்னா?"

பிடித்து நிறுத்தினால் நிற்கிற சக்கரங்களோடு நாற்பது வருஷம் குப்பை கொட்டிய மனுஷர், கையிலிருந்த முட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"கொதிதண்ணியில கிடந்தா அது பாட்டுக்கு வெந்துகிட்டேதான் இருக்கும். அணைச்ச கையோட பச்சைத் தண்ணிக்கு மாத்துங்க. அப்புறம், இன்னைக்கு வந்தது உரிக்க வராது. ஒரு வாரம் ஆனது தர்றேன்."

"பழசையா? பச்சை உடம்புக்காரிக்கா?"

"கெட்டதையா குடுப்பேன்? கொண்டு போங்கண்ணே!"

வீட்டுக்கு வந்து, கொதிக்கிற தண்ணீரில் முட்டைகளைக் கரண்டியால் மெல்ல இறக்கினார். பத்து நிமிஷம். உடனே பச்சைத் தண்ணீர். அது சூடானதும் மறுபடி பச்சைத் தண்ணீர். அகன்ற பக்கம் தட்டி, தண்ணீருக்குள்ளேயே உரித்தார். கீறல் இல்லாமல் வழுவழுவென்று வந்தது. இந்தத் தடவை தட்டோடு முக்காலியில் அவரும் உட்கார்ந்தார்.

"அந்த ஆறையும் எடுத்துப் போட்டுட்டேன்மா. சட்டையெல்லாம் துவைச்சுக் காயுது."

அவள் முகம் வெளுத்துவிட்டது. "மன்னிச்சிடுங்க மாமா. வாசனை குமட்டுச்சு. நீங்க வாட்சைப் பிடிச்சுகிட்டு நிக்கிறதைப் பார்த்தா சொல்ல மனசு வரலை."

"கடைக்கு வர்றவங்கெல்லாம் என்னைத் திட்டிட்டுத்தான் போறாங்க. நீ ஒருத்திதான் பாக்கி."

அவள் ஒரு கடி கடித்தாள். மென்றாள். விழுங்கினாள். அவர் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"உப்பு பத்தலை மாமா."

அடடா, அந்த மனுஷர் ஓடிய ஓட்டத்தைப் பார்க்க வேண்டுமே! வந்த வேகத்தில் பாதி உப்பு வழியெல்லாம் சிந்தியது.

"மிளகுத்தூளும் கொண்டு வரவா?"

"கொண்டாங்க. ரெண்டாவது முட்டை எங்க?"

வெள்ளிக்கிழமை நர்ஸ் அம்மா வந்து அவள் கண்ணிமையை இழுத்துப் பார்த்தார். காலியான தட்டையும் பார்த்தார். "முகத்துல தெளிவு வந்திருக்கு. வீட்டுலயே இருக்கட்டும். யாரு சமைக்கிறா?"

"மாமாதான். முட்டை பரவாயில்ல. டீ மட்டும் கழுநீர் மாதிரி போடுறாரு."

அதைத்தான் அவர் அன்று முழுக்கக் கடைக்கு வந்தவர்களிடமெல்லாம் சொல்லிச் சொல்லிப் பூரித்தார்.

உங்கள் வீட்டிலும், என் செல்லங்களே, உப்பு பத்தவில்லை என்று உரக்கச் சொல்ல ஒரு வாயும், உப்பு எடுக்க ஓடும் இரண்டு காலும் என்றைக்கும் குறையாமல் இருக்கட்டும்.