அறுபத்தேழாம் எண்

சவப்பெட்டிக்காக மூன்றாவது முறையாக அளவு பார்த்துவிட்டு, ஆறடி ஐந்து அங்குலத்துக்குத் தனியாகத்தான் சொல்லி வாங்க வேண்டும் என்றார் அடக்க ஏற்பாடு செய்பவர். ஜெயலீலா போனில், "யெஸ், ஐ கன்சென்ட்" என்று சொல்லி வைத்தாள்.

"யாரு?" என்றார் அவள் கணவர் ஞானசீலன்.

"ரிசர்ச் லேப். தலைல அடிபட்டு ஆடினவங்க மூளைய ஆராயற எடம். இவானோட பிரெய்ன குடுக்கறேன்னு சொல்லிட்டேன்."

"பிள்ளைய முழுசா அடக்கம் பண்ண வேணாமா லீலா? சர்ச்ல என்ன சொல்லுவாங்க?"

"முழுசாவா நம்ம கைல குடுத்தாங்க?"

கலிபோர்னியாவில், லிவர்மோர் பள்ளி மைதானத்துக்குப் பதின்மூன்று வயதில் அவனை முதன்முதலாகக் கூட்டிப் போனவர் அவர்தான்.

டெக்சாஸில் ஓர் அமெரிக்கக் கால்பந்து அணிக்கு ஒன்பது வருடம் ஆடினான் இவான். பந்தைத் தொடவே தொடாத வேலை. பந்து எறிபவனுக்கு முன்னால் சுவராக நின்று, பாய்ந்து வருபவனைக் கையாலும் தோளாலும் தலையாலும் தடுக்க வேண்டும். ஒழுங்காகச் செய்தால் யாரும் பெயர் சொல்ல மாட்டார்கள். தவறினால்தான் ஒலிபெருக்கி அவன் சட்டை எண்ணை, 'அறுபத்தேழாம் எண்' என்று அரங்கம் முழுக்கச் சொல்லும்.

முட்டி இரண்டும் போய் வீடு திரும்பினான். கல்யாணம் என்ற பேச்சையே எடுக்க விடவில்லை. பிறகு மறதி வந்தது. ஃப்ரீவேயில் காரை ஓரம் கட்டிவிட்டு, வீட்டுக்கு எந்த இடத்தில் பிரிவது என்று தெரியாமல், "அம்மா, விச் எக்ஸிட் இஸ் அவர்ஸ்?" என்று போனில் அழுவான். அவள் போய்க் கூட்டி வருவாள். முப்பத்தெட்டு வயதில், செவ்வாய்க்கிழமை காலை பல் தேய்த்துக்கொண்டிருந்தவன் அப்படியே சரிந்தான். இதயம் நின்றுவிட்டது என்றார்கள்.

அடக்கத்தன்று தேவாலய வாசலில், பழைய அணியின் அதிகாரி பெரிய மலர்வளையத்துடன் நின்றிருந்தார். இதயக் கோளாறு என்று மட்டும் அறிக்கை விடப் போகிறோம், குடும்பமும் அதையே சொன்னால் நல்லது, ஆட்டத்தால் என்பதற்கு ஆதாரம் ஏதுமில்லையே என்று தணிந்த குரலில் சொன்னார்.

ஜெயலீலா ஆங்கிலத்திலேயே, எல்லோருக்கும் கேட்கும்படி பதில் சொன்னாள்: "ஒன்பது வருஷத்தில் ஒரு நாள்கூட நான் பந்தைப் பார்த்ததில்லை. என் மகன் தலையை மட்டும்தான் பார்த்தேன். எத்தனை இடி என்று எனக்குத் தெரியும். ஆதாரம்தானே? லேபுக்கு அனுப்பியிருக்கிறேன்."

அதிகாரி ஞானசீலனைப் பார்த்தார். அவரோ குனிந்து தன் ஷூவைப் பார்த்தார்.

இவானோடு வரிசையில் நின்று ஆடிய ஆறு பேர் பெட்டியைத் தூக்கினார்கள். கோட்டுக்குள் அடங்காத உடம்புகள். ஒருவன் காலை இழுத்து இழுத்து நடந்தான்.

மண் போட்டு முடித்தபின் அவன்தான் அவளிடம் வந்தான். சொல்ல வந்தது நடுவில் நழுவிப்போக, கண்ணை மூடித் தேடிப் பிடித்தான். "மேடம், அந்த லேப் நம்பர்... எனக்கும் வேண்டும்."

ஆராதனைத் தாளின் ஓரத்தைக் கிழித்து எழுதிக் கொடுத்தாள். நிமிர்ந்தபோது அவனுக்குப் பின்னால் இன்னும் மூன்று பேர் நின்றிருந்தார்கள்.

இரண்டாவது ஆளுக்கு எழுதும்போது பேனா நின்றுபோனது. உதறிப் பார்த்தாள். ஞானசீலன் சட்டைப் பையிலிருந்து தன் பேனாவை எடுத்து, மூடியைக் கழற்றி நீட்டினார்.