அண்ணன் துப்பாக்கியின் உதை

காகிதத் தட்டைச் சுட்டுக் காட்டாமல் அலாஸ்காவின் கொடியாக் தீவில் வேட்டை வழிகாட்டி டோர்கெலின் விருந்தாளி எவரும் கரடிப் பக்கம் போக முடியாது. கரை ஒதுங்கிய மரக்கட்டையில் தட்டை ஆணியடித்துவிட்டு, "சுடுங்க, பாப்போம்" என்பான். அந்த மே மாதம் வந்த ஒஹாயோ பல் டாக்டர், பீரங்கி மாதிரி துப்பாக்கி ஒன்றைப் புதிதாக வாங்கி வந்திருந்தார். சுடச்சுட தட்டுக்கு முன்னால் மணல்தான் பறந்தது.

"டாக்டர், வெடிக்கிறதுக்கு முன்னாடியே கண்ண மூடிக்கிறீங்க. உங்க தோள் துப்பாக்கி உதைக்குப் பயந்துடுச்சு," என்றான் டோர்கெல். "பெரிய தோட்டா கரடியக் கொல்லாது. சரியான எடத்துல படுற தோட்டாதான் கொல்லும். இந்தச் சின்ன முப்பது-ஆறு துப்பாக்கிய எடுத்துக்குங்க. என் தங்கச்சியும் இதே மாதிரிதான் வெச்சிருக்கா. மெத்துனு உதைக்கும்."

தங்கை மாரிட் சிரித்தாள். இருபது வருடமாக அண்ணனுக்குத் துணை வழிகாட்டியாகப் போகிறவள். இதே பேச்சை எத்தனையோ டாக்டர்களிடம் அவன் சொல்லக் கேட்டிருக்கிறாள்.

கடைசியில் வழிகாட்டி ஒரு தோட்டா சுட்டுக் காட்டுவது வழக்கம். டோர்கெல் தங்கள் அப்பாவின் 458-ஐ எடுத்தான். பாய்ந்து வரும் கரடியை நிறுத்துவதற்கென்றே உள்ள துப்பாக்கி. கழுதை மாதிரி உதைக்கும். விசையை இழுத்தான். 'டிக்' என்றதே தவிர வெடிக்கவில்லை. கடல் ஈரத்தில் தோட்டா நமுத்திருந்தது. ஆனால் குழல் சட்டென்று தரையைப் பார்த்துக் குனிந்தது.

உதைக்குப் பயந்து யார் முன்கூட்டியே குழலைத் தாழ்த்துகிறார் என்று பார்க்க, நல்ல தோட்டாக்களுக்கு நடுவே வெடிக்காத டம்மி ஒன்றைப் போட்டுக் கொடுப்பது இந்தத் தொழிலில் உண்டு. வெடி இல்லாதபோது ஆளின் குட்டு வெளிப்பட்டுவிடும். அன்று ஈரம் அந்த வேலையைச் செய்தது. டாக்டர் தன் தோளைத் தேய்த்துக்கொண்டிருந்ததால் கவனிக்கவில்லை. மாரிட் பார்த்துவிட்டாள்.

காப்பிப் பாத்திரத்தோடு ஓடைக்குப் போனவனைப் பின்தொடர்ந்தாள்.

"அண்ணே, நீ குனிஞ்சதப் பாத்தேன். தோள் ஆபரேஷனுக்கு அப்புறம்தானே?"

அவன் பாத்திரத்தை ஓடையில் அலசினான்.

"இந்த சீசன் என் முப்பது-ஆற எடுத்துக்கோ. யாருக்கும் சொல்ல வேணாம்."

"காசு குடுத்து வந்தவன் முன்னாடி பொம்பளத் துப்பாக்கியத் தூக்கிட்டு நிக்கவா?"

"அந்தப் பொம்பளத் துப்பாக்கியால எத்தன கரடி விழுந்துருக்குன்னு உனக்குத் தெரியாதா?"

"தெரியும். அதான் உன்ன எனக்குப் பின்னாடி வெச்சிருக்கேன். தண்ணிய மொண்டுட்டு வா."

மொண்டுகொண்டு வந்தாள். டாக்டருக்குச் சொன்ன அறிவுரை தனக்கும் பொருந்தும் என்று அவனுக்குத் தெரியாமல் இல்லை. அவளும் கூடாரத்தில் வைத்துச் சத்தம் போட்டிருக்கலாம், துப்பாக்கியை ஒளித்திருக்கலாம். அண்ணன் மானம் போய்விடக் கூடாதே என்று வாயை மூடிக்கொண்டாள். மானத்தைக் காப்பாற்றிக் கொடுத்தாள், ஆளைக் கோட்டைவிட்டாள்.

மூன்றாம் நாள் டாக்டர் சுட்ட தோட்டா கரடியின் வயிற்றில் பட்டது. அது ஆல்டர் புதருக்குள் புகுந்தது. காயம்பட்ட கரடியைத் தேடிப் போக வேண்டியவன் வழிகாட்டி. டாக்டரை வெளியே நிறுத்திவிட்டு டோர்கெல் முன்னாலும் மாரிட் பின்னாலும் நுழைந்தார்கள். கரடி சத்தமே இல்லாமல் வந்தது. அவன் சுட்டான். கரடியின் கால்களுக்கு முன்னால் பாசி பறந்தது. அடுத்த தோட்டாவை ஏற்ற அவனுக்கு நேரமில்லை. அண்ணனைத் தாண்டிச் சுட வழி கிடைத்ததும் மாரிட் சுட்டாள், மறுபடியும் சுட்டாள். கரடி அவன் மேலேயே விழுந்து செத்தது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக விமானம் வருவதற்குள் அவனும் போய்விட்டான்.

"மொதல்ல அண்ணன் சுட்டான். பட்டுது. அப்படியும் கரடி நிக்கல," என்று எல்லோரிடமும் சொன்னாள். தோலை உரித்தவளும் அவள்தான். எத்தனை ஓட்டை என்று யாரும் எண்ணவில்லை.

அந்தப் பொய்க்குக் கால் முளைத்தது, அடக்கத்தன்று. டோர்கெலின் வீட்டில் மீனும் உருளைக்கிழங்கும் வைத்திருந்தார்கள். பக்கத்து விரிகுடா வழிகாட்டிகள் வந்திருந்தார்கள். "458 பட்டும் நிக்கலன்னா அது கரடியே இல்ல, பேய்," என்றார் ஒருவர். "இனிமே தோட்டாவுல வெடிமருந்து இன்னும் கெட்டியாப் போடணும்," என்றார் மற்றொருவர். மாரிட்டின் தம்பி ஹால்வர் எழுந்தான். தச்சு வேலை செய்கிறவன். வழிகாட்டி உரிமம் இருந்தும் வேட்டைக்கு அதிகம் போனதில்லை.

"வர்ற சீசன் நான் போறேன். அண்ணன் துப்பாக்கி, கெட்டி மருந்து. என்ன வருதுன்னு பாப்போம்."

மாரிட் கையிலிருந்த தட்டைக் கீழே வைத்தாள். இன்னொரு தம்பி அவளுக்கு இல்லை.

அண்ணன் பேரில் ஒரு தோட்டா சுட எல்லோரும் கரைக்குப் போனார்கள். "நான் தோட்டா போட்டுத் தர்றேன்," என்று மாரிட் துப்பாக்கியை வாங்கினாள். ஹால்வர் தோளில் வைத்துத் தட்டைக் குறிபார்த்து விசையை இழுத்தான். 'டிக்'. குழல் குனிந்தது, கூடவே அவனும் ஒரு எட்டு முன்னால் தடுமாறினான். யாரோ சிரித்துவிட்டு நிறுத்திக்கொண்டார்.

"ஈரத் தோட்டா," என்றான் ஹால்வர்.

"டம்மிடா. நான்தான் போட்டேன். அண்ணனும் இப்படித்தான் குனிஞ்சான். அவன் சுட்டது கரடி மேல படவே இல்ல, பாசியில பட்டுது. பட்டுதுன்னு நான் சொன்னது பொய்."

டோர்கெலின் மனைவி சிக்னே கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். "குனிவான்னு உனக்கு எப்பத் தெரியும்?"

"தட்டு சுட்ட அன்னைக்கே, அண்ணி."

"தெரிஞ்சும் புதருக்குள்ள விட்ட."

"விட்டேன்."

"செத்தவன அசிங்கப்படுத்தாத, அக்கா," என்றான் ஹால்வர். "எனக்குக் குளிருல தோள் வெறச்சுப் போச்சு, அவ்வளவுதான். நல்ல தோட்டாவாக் குடு."

சிக்னே அவன் கையிலிருந்து துப்பாக்கியைப் பிடுங்கினாள். தோட்டாவை ஏற்றி இறக்கும் போல்ட்டைப் பின்னால் இழுத்தாள். டம்மி கூழாங்கல்லில் விழுந்தது. போல்ட்டை முழுவதுமாக உருவிக்கொண்டு படகுத்துறையின் நுனிவரை நடந்து, அதைக் கடலில் போட்டாள். திரும்பி வந்து, இனிச் சுடவே முடியாத வெறும் துப்பாக்கியைக் கொழுந்தன் கையில் திணித்தாள்.

"இப்பத் தூக்கிட்டுப் போ."

சிக்னே இடுப்பில் கட்டியிருந்த சமையல் துணியில் கையிலிருந்த எண்ணெயைத் துடைத்துக்கொண்டாள். "சாப்பாடு ஆறுது. எல்லாரும் உள்ள வாங்க," என்றாள். பிறகு மாரிட்டின் முகத்தைப் பார்க்காமல், "நீ வராத," என்றாள்.

எல்லோரும் உள்ளே போனார்கள். ஹால்வரும் துப்பாக்கியைக் கரையிலேயே கிடத்திவிட்டுப் போனான். மாரிட் குனிந்து டம்மியைப் பொறுக்கி, சட்டைப் பையில் போட்டுக்கொண்டு கரையோரமாகவே தன் வீட்டுக்கு நடந்தாள்.