சட்டியின் கிழக்குக் கரை

எனக்குக் கால்பந்து பிடிக்காது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நினைவு தெரிந்த நாளிலிருந்து ஒரு ஸ்டேடியத்தின் கிழக்குக் கரையில் உட்கார்ந்து உட்கார்ந்து இடுப்பு விட்டுப்போனவள் நான். டிராம் ஓட்டும் வேலையாவது என்னை வேறு பக்கம் கொண்டுபோகும் என்று நினைத்தேன். கொடுத்த தடம் ஸ்டேடியத்தில்தான் முடிந்தது. மேட்ச் நாட்களில் குடித்துவிட்டுப் பாடுகிறவர்களை ஏற்றிக்கொண்டு போய் இறக்குவேன்; வேலை இல்லாத சனிக்கிழமைகளில் அம்மாவை ஏற்றிக்கொண்டு போய் இறக்குவேன். என் தலையெழுத்து அப்படி.

எங்கள் ஊர்க்காரர்கள் அந்த ஸ்டேடியத்தைச் 'சட்டி' என்றுதான் சொல்வார்கள். மேலிருந்து பார்த்தால் சட்டிதான். நடுவில் புல், அதைச் சுற்றி ஓடுதடம், தடத்தைச் சுற்றி மண்கரை. கரையில் உட்கார்ந்தால் கோல் போஸ்ட் எங்கேயோ பக்கத்து ஊரில் இருப்பதுபோலத் தெரியும். கோல் விழுந்ததா என்று எதிர்க்கரைக்காரர்கள் கத்துவதை வைத்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். அந்த ஓடுதடத்தை எடுத்துத் தொலையுங்கள் என்று கால்பந்துக்காரர்கள் மூன்று தலைமுறையாகக் கத்திக்கொண்டிருந்தார்கள். கடைசியில் நகரசபை சரி என்றது. தடம் போகும், பழைய கரைகளை வெட்டி எடுப்பார்கள், புல்லை ஒட்டி செங்குத்தாகப் புதிய காலரி எழும்பும்.

செய்தி உள்ளூர்ப் பேப்பரில் படத்தோடு வந்திருந்தது. காலை உணவு மேசையில் அம்மா பூதக்கண்ணாடியை வைத்து அதைப் படித்தாள். படித்து முடித்ததும் முட்டையைத் தொடாமல் தள்ளிவைத்தாள்.

"எந்தப் பக்கம் முதல்ல வெட்டறாங்கன்னு போட்டிருக்கு பாத்தியா?"

"எந்தப் பக்கமா இருந்தா என்னம்மா?"

"கிழக்குப் பக்கம்டி. ஃப்ரீடல் பக்கம்."

ஃப்ரீடல் என் பெரியம்மா. நான் பார்த்ததில்லை. டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை பார்த்தாள். உலகப்போர் சமயத்தில் ஒரு நாள் இரவு வேலை முடிந்து வந்து தூங்கிக்கொண்டிருந்தபோது குண்டு விழுந்தது, தெருவே சரிந்தது. அம்மா அப்போது பள்ளிக்கூடப் பிள்ளைகளோடு கிராமத்துக்கு அனுப்பப்பட்டிருந்தாள். திரும்பி வந்தபோது வீடு இருந்த இடத்தில் ஒரு செங்கல் மேடு இருந்தது. மேட்டைத் தோண்டி அக்கம்பக்கத்தார் எல்லாரையும் எடுத்தார்கள், ஃப்ரீடலை மட்டும் எடுக்கவில்லை. அப்புறம் சண்டை முடிந்து, தெருவில் தண்டவாளம் போட்டு, குட்டி ரயிலில் இடிபாடுகளை அள்ளிக்கொண்டுபோய் ஆற்றோரப் புல்வெளியில் கொட்டினார்கள். எங்கள் தெருவின் இடிபாடு போன இடம் கிழக்குப் பக்கம். அம்மா அந்த ரயிலின் பின்னாலேயே நடந்துபோய் எங்கே கொட்டுகிறார்கள் என்று பார்த்துவிட்டு வந்தாளாம். அந்தக் குவியலைச் சமப்படுத்தி, படி வைத்து, மேலே பெஞ்சு போட்டுவிட்டு, நாடாவை வெட்டி 'எல்லா விளையாட்டுக்கும்' என்று ஸ்டேடியம் திறந்தார்கள்.

எல்லா விளையாட்டுக்கும் என்றால் சும்மா இல்லை. முதலில் புல்லில் ஹேண்ட்பால். அதற்கு வந்த கூட்டம் கால்பந்துக்குக்கூட வரவில்லை. கரித்தூள் தடத்தில் மோட்டார் சைக்கிள் பந்தயம் நடந்தபோது வீட்டுக்கு வந்து காதுக்குள்ளிருந்து கரி எடுத்தோம். போலீஸ்காரர்கள் ஒருவர் தோளில் ஒருவர் ஏறி மோட்டார் சைக்கிளில் கோபுரம் கட்டினார்கள். தேவாலயக் கூட்டம், யெகோவா சாட்சிகள், உடற்பயிற்சி விழா, பிறகு தலைமுடி வளர்த்த பாட்டுக்காரர்கள். எல்லாவற்றுக்கும் அம்மா டிக்கெட் எடுத்தாள், எல்லாவற்றுக்கும் கிழக்குக் கரையில்தான். பக்கத்தில் நான். அங்கே என்ன நடக்கிறது என்பது அவளுக்கு முக்கியமில்லை. ஆஃப்சைடு என்றால் என்னவென்று இன்றுவரை அவளுக்குத் தெரியாது. பின்னல் ஊசியை எடுத்துக்கொண்டு உட்காருவாள். கூட்டம் எழுந்து கத்தும்போது, "இருங்கப்பா, கண்ணி விட்டுப்போச்சு" என்பாள்.

என் புருஷனுக்கு இதெல்லாம் சரிப்படவில்லை. "உங்கம்மாவையும் அந்த மண்மேட்டையும் கட்டிக்கிட்டு அழு" என்று சொல்லிவிட்டு ஒரு நாள் போய்விட்டான். அவனைக் குற்றம் சொல்ல மாட்டேன். குழந்தையும் இல்லை, பிரிவதும் சுலபமாக இருந்தது.

நவம்பர் கடைசியில் இறந்தவர்களுக்கான ஞாயிறு வரும். ஊரே தேவதாரு இலையும் சிவப்பு விளக்கும் எடுத்துக்கொண்டு கல்லறைக்குப் போகும். அன்றைக்கு விளையாட்டு கிடையாது, சட்டி காலியாகக் கிடக்கும். அம்மா கல்லறைக்குப் போக மாட்டாள். ஸ்டேடியத்துக்கு வருவாள். காவல்காரர் சின்னக் கதவைத் திறந்துவிடுவார். இலையை மேல்படியில் பரப்பி, விளக்கை ஏற்றி, குளிரில் மூக்கு ஒழுக அரை மணி நேரம் நிற்போம். அப்பா செத்த பிறகு, "அப்பாவையும் ஒரு எட்டு பாத்துட்டுப் போலாம்மா" என்பேன். அப்பாவுக்கு இருப்பதிலேயே மலிவான வரிசைக் கல்லறைதான் எடுத்திருந்தோம். அதற்கு வாடகைக் கெடு முடிந்தால் நீட்டிக்க முடியாது. முடிந்ததும் கல்லைப் பெயர்த்துவிட்டுப் புல் போட்டுவிட்டார்கள். எங்கள் நாட்டில் செத்தவர்களும் குடித்தனக்காரர்கள்தான். அன்றிலிருந்து அம்மாவுக்கு வாய் நீண்டுவிட்டது. "பாத்தியா? உங்கப்பாவக் காலி பண்ணிட்டாங்க. எங்க அக்காவ யாராலயும் காலி பண்ண முடியாது" என்று சொல்லிக்கொண்டு திரிந்தாள்.

அதோடு விட்டாளா? தன் சாம்பலையும் அங்கேயே புதைக்க வேண்டும் என்றாள். இங்கே சாம்பலைக் கையில் கொடுக்க மாட்டார்கள், கல்லறைக்குத்தான் போக வேண்டும், சட்டம். அதற்கும் வழி கண்டுபிடித்து வைத்திருந்தாள். "ஹாலந்துல எரிச்சா கையில குடுத்துடுவாங்களாம். நீ கோட்டுப் பையில வெச்சு எடுத்துட்டு வந்துடு. மேட்ச் நடக்கறப்ப எவன் பாக்கப்போறான்?" நான் சரி என்றேன். மாட்டேன் என்று சொல்லிச் சண்டைபோட எனக்குத் தெம்பில்லை.

இப்போது அந்தக் கரையையே வெட்டப்போகிறார்கள். அக்கா போகிற இடம் தெரியாமல் அம்மாவால் சாக முடியாது. அதுதான் விஷயம். மற்றதெல்லாம் வெறும் பேச்சு.

மார்ச்சில் வேலை ஆரம்பித்தது. நான் ஓய்வு பெற்றிருந்ததால் தினமும் காலையில் அம்மாவைக் காரில் ஏற்றி, மடக்கு நாற்காலி, போர்வை, ஃபிளாஸ்க் எல்லாம் எடுத்துக்கொண்டு வேலியோரம் போய் உட்கார்ந்தோம். முதலில் வெடிக்காமல் கிடக்கும் பழைய குண்டுகளைத் தேடுகிறவர்கள் வந்து கருவியோடு அங்குலம் அங்குலமாக நடந்தார்கள். ஒரு குண்டும் கிடைத்தது. சுற்றியுள்ள வீடுகளையெல்லாம் காலி செய்யச் சொன்னார்கள். எங்களையும் ஒரு பள்ளிக்கூடத்தில் உட்காரவைத்துப் பட்டாணி சூப் கொடுத்தார்கள். "இத்தனை வருஷம் இதுக்கு மேலயா உக்காந்து பின்னிக்கிட்டிருந்தேன்?" என்று அம்மா சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. சூப்பும் நன்றாக இல்லை.

பிறகு இயந்திரங்கள் வந்தன. எங்கள் பெஞ்சுக்கு அடுத்த இடத்தில் வருடக்கணக்காக உட்காருகிற ஹோல்கர், இறைச்சிக்கடை வண்டி ஓட்டுகிறவன், சாப்பாட்டு நேரத்தில் அங்கே நிறுத்திவிட்டு எங்களுக்கு மீட்பால் ரொட்டி கொடுப்பான். அம்மா வராத மேட்சில் தோற்போம் என்பது அவன் நம்பிக்கை.

"ஹெட்டாம்மா, புது காலரில உங்களுக்கும் சீட் சொல்லி வெச்சுட்டேன். கோல் கீப்பர் மூக்குல இருக்கற பரு வரைக்கும் தெரியும்."

"அவன் மூக்கப் பாத்து நான் என்னப்பா பண்ண?"

"நீங்க இல்லன்னா நாங்க இரண்டாம் டிவிஷனுக்குப் போயிடுவோமே!"

"போங்களேன். அங்கயும் மனுஷங்கதான இருக்காங்க."

மண்ணுக்குள்ளிருந்து ஊர் வெளியே வந்துகொண்டிருந்தது. குளியலறை ஓடு, அடுப்பு மூடி, வளைந்த கட்டில் கால். மேஸ்திரி நல்ல மனிதர். ஒரு பித்தளைக் கதவுக் கைப்பிடியைத் துடைத்துக் கொண்டுவந்து கொடுத்தார். அம்மா திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "எங்க வீட்டுது உருண்டையா இருக்கும். இது யாரோடதோ. அங்கயே வெச்சிருங்க" என்றாள். எனக்கே கோபம் வந்தது. ஆமாம், எங்கள் வீட்டுடையது என்று சொல்லி வாங்கிவைத்துக்கொண்டால் என்ன குறைந்துவிடும்? வீட்டுக்குப் போயிருக்கலாம்.

ஈஸ்டருக்கு முன்னால் எலும்பு கிடைத்தது. வேலையை நிறுத்தினார்கள், போலீஸ் வந்தது, ஒரு வெள்ளைக் கூடாரம் போட்டார்கள். அம்மா நாற்காலியிலிருந்து எழுந்து வேலியைப் பிடித்துக்கொண்டாள். உட்காரு என்றால் கேட்கவில்லை. அவள் உதடு ஏதோ முணுமுணுத்துக்கொண்டே இருந்தது. காத்துக் காத்துக் கால் மரத்த பிறகு ஒரு போலீஸ்காரப் பெண் வந்தாள். அம்மாவின் உயரத்துக்குக் குனிந்து சொன்னாள்.

"குதிரைங்க, பாட்டி. பால் வண்டிக் குதிரையா இருக்கும்."

"நல்லாப் பாத்தீங்களா?"

"டாக்டரே வந்து பாத்துட்டாரு."

அம்மா தலையாட்டினாள். "பாவம் குதிரை" என்றாள். காரில் ஏறும்வரை தாங்கினாள். கதவைச் சாத்தியதும் வாய்விட்டு அழுதாள். அவள் அப்படி அழுது நான் பார்த்ததில்லை. அப்பா செத்தபோதுகூட இல்லை. நான் ஹீட்டரைப் போட்டுவிட்டு உட்கார்ந்திருந்தேன்.

மறுநாள் காலை, "லாரியெல்லாம் மண்ண எங்கடி கொண்டுபோவுது?" என்று கேட்டாள்.

"எங்கயோ கொட்டறாங்க."

"அந்த எங்கயோ எங்க இருக்கு?"

மேஸ்திரியிடம் கேட்டிருந்தால் சொல்லியிருப்பார். அம்மாவுக்குக் கேட்டால் போதாது, பார்க்க வேண்டும். ஒரு லாரியைப் பிடித்து அதன் பின்னாலேயே ஓட்டச் சொன்னாள். வாழ்நாள் முழுக்கத் தண்டவாளத்தில் ஓட்டினவளுக்கு, இந்த வயதில் லாரியைத் துரத்தும் வேலை. ஆற்றைத் தாண்டி, தொழிற்பேட்டையைத் தாண்டி, நெடுஞ்சாலை ஓரத்துக்கு வந்தோம். அங்கே புதுக் குடியிருப்புக்குச் சத்தம் போகாமலிருக்க ஒரு மண்சுவர் எழுப்பிக்கொண்டிருந்தார்கள். கண்ணுக்கெட்டிய தூரம் நீளம். லாரி பின்பக்கத்தைத் தூக்கிக் கொட்டியது. ஒரு இயந்திரம் அதை இரண்டு பக்கமும் பரப்பியது. அந்தப் பக்கம் வண்டிகள் இரைந்துகொண்டு போயின.

அம்மா கார் கண்ணாடியை இறக்கினாள். நெடுநேரம் பார்த்தாள்.

"இதுல எது கிழக்கு?"

"எதும்மா?"

"எது எங்க கரை? வேற இடத்து மண்ணும் கொட்டறாங்களே."

"எல்லாம் கலந்துபோச்சும்மா."

"அப்ப விளக்க எந்த இடத்துல வெக்கறது?"

அதற்குமேல் என்னால் பொறுக்க முடியவில்லை. "எங்கயும் வெக்க வேணாம்! போதும்மா. எனக்கு முதுகு வலிக்குது, கால் வலிக்குது. நான் பொறந்ததுலேருந்து உங்க அக்காவக் காவல் காத்துக்கிட்டிருக்கேன். அவ முகத்தக்கூட நான் பாத்ததில்ல. எனக்கு அலுத்துப்போச்சு!" என்று கத்தினேன். வண்டிச் சத்தத்தில் கத்தித்தான் ஆகவேண்டும். ஆனால் அதைவிடச் சத்தமாகவே கத்தினேன்.

அம்மா கண்ணாடியை ஏற்றினாள். உள்ளே திடீரென்று அமைதியாகிவிட்டது.

"எனக்கும்தான்" என்றாள்.

சண்டைக்கு வருவாள் என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தவள் நான். அவள் கையுறையைக் கழற்றி மடியில் வைத்தாள்.

"ஸ்டேடியத்துல மனுஷ சத்தமாவது இருந்துச்சு. சனிக்கிழமையானா பாடுவானுங்க. அவளுக்குப் பாட்டுன்னா பிடிக்கும். இங்க என்ன இருக்கு? இங்க என்னால வர முடியாது அல்முட். நீ கல்லறை ஆபீசுக்குப் போன் பண்ணு. எனக்கு ஒரு இடம் சொல்லு. ஹாலந்தும் வேணாம் ஒண்ணும் வேணாம்."

"கெடு முடிஞ்சா காலி பண்ணிடுவாங்கன்னு சொல்லுவியே?"

"பண்ணட்டும். அதுக்குள்ள நீயும் போயிருப்ப. அப்புறம் யாரு வரப்போறா? நான் அலஞ்ச மாதிரி யாரும் யாருக்காகவும் அலைய வேணாம்."

இந்த வார்த்தையைக் கேட்கத்தான் இத்தனை காலம் காத்திருந்தேன். கேட்டதும் சந்தோஷமாக இருந்திருக்க வேண்டும். சாவியைத் திருப்ப எனக்குக் கை வரவில்லை. பயமாக இருந்தது. அம்மா இல்லாத சனிக்கிழமை எப்படியிருக்கும் என்று எனக்குத் தெரியாது என்பது அங்கேதான் உறைத்தது.

மறுநாள் சமையலறையிலிருந்து போன் பண்ணினேன். எதிரில் அம்மா ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டு, காது கேட்காததுபோல நடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அந்தப் பக்கம் இருந்தவர் இளைஞர், மரியாதையாகப் பேசினார். வரிசைக் கல்லறையா, நீட்டிக்கக்கூடியதா, மரத்தடியா, ஒருவருக்கா இருவருக்கா என்று கேட்டார்.

"ரெண்டு பேருக்கு. பக்கத்துல பக்கத்துல" என்றேன்.

அம்மா கத்தியைக் கீழே வைத்தாள். "ஏன்டி ரெண்டு? உனக்கு என்ன அவசரம்?"

நான் போனைக் கையால் பொத்திக்கொண்டேன்.

"செத்ததுக்கப்புறமும் உன்னத் தேடிக்கிட்டு அலைய என்னால முடியாதும்மா."

அவள் மேசைக்கு மேலே கையை நீட்டி என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள், வெண்ணெய்க் கையோடு. போனில் அவர் பெயர்களைச் சொல்லச் சொன்னார். நான் அம்மா பெயரை முதலில் சொன்னேன்.