ஏழாம் பக்கத்துக்குப் பொட்டு

எங்கள் மேனேஜர் கார்த்திக்ராஜ் ஒரு கையேடு எழுதியிருந்தார். எழுதினார் என்பது மரியாதைக்குச் சொல்வது. எங்கெங்கோ இருந்ததை எடுத்து ஒட்டி, ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் 'தயாரித்தவர்' என்று தன் பெயரைக் கொட்டை எழுத்தில் போட்டுக்கொண்டார். அவர் உழைத்தது அந்தக் கொட்டை எழுத்துக்கு மட்டும்தான்.

பழனிசெட்டிபட்டியில் எங்கள் கம்பெனி. ஏலக்காயை நிறம் பார்த்துப் பிரிக்கிற மெஷினுக்குக் கேமரா டிரைவர் செய்கிறோம். கேமரா பார்ப்பதைக் கம்ப்யூட்டருக்குப் புரியவைக்கிற மென்பொருள் அது. கேமரா நின்றுபோனால் டிரைவரை அழித்துவிட்டு மறுபடி போடச் சொல்கிறது ஏழாம் பக்கம். பழைய ஆபரேட்டிங் சிஸ்டத்தில் அது சரி. புதியதில் டிரைவரோடு நிற அளவுகளும் சேர்ந்து அழியும். அப்புறம் மெஷினுக்குப் பச்சை எது, பழுப்பு எது என்றே தெரியாது.

அந்தப் பக்கத்தைத் திருத்தி எழுதிக் கார்த்திக்ராஜிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். புரட்டிக்கூடப் பார்க்கவில்லை.

"விடுங்க பெனிஷா. கையேட்டையெல்லாம் எவன் படிக்கிறான்?"

மறுபடி கேட்டேன். அதே பதில், இந்த முறை கொட்டாவியோடு.

போன வாரம் கம்பத்திலிருந்து ஏலக்காய் வியாபாரி சீனிச்சாமி போன் செய்தார். முதல் தரக் காயெல்லாம் கழிவு மூட்டையில் விழுந்துவிட்டதாம். "உங்க ஆபரேட்டர் தப்பு. கையேட்டைப் படிக்காம கண்டதை அமுக்கியிருப்பாங்க" என்று இருந்த இடத்திலிருந்தே தீர்ப்புச் சொல்லிவிட்டார் எங்கள் மேதை. திருத்திய தாளைப் பையில் வைத்துக்கொண்டு அவரோடு கம்பத்துக்குக் காரில் ஏறினேன்.

மெஷின் ஓட்டுகிற அன்னத்தாய் அழுது முகம் வீங்கி நின்றிருந்தார்.

"நாளையிலருந்து வர வேணாம்னு சொல்லிரப் போறேன்" என்றார் சீனிச்சாமி.

"கேமரா நின்னுபோச்சு. அதுல போட்டிருக்கபடிதான்யா செஞ்சேன்" என்று அன்னத்தாய் சுவரைக் காட்டினார்.

சாமி படங்களுக்குப் பக்கத்தில், லேமினேஷன் செய்த ஏழாம் பக்கம். ஆயுத பூசைக்கு வைத்த சந்தனமும் குங்குமமும் அதில் காய்ந்திருந்தன. எவன் படிக்கிறான் என்றாரே, பொட்டு வைத்துப் படித்திருக்கிறார்கள்.

கார்த்திக்ராஜ் அதைப் பிய்க்கக் கையை நீட்டினார்.

"தொடாதீக சார். பூசையில வச்சது" என்றார் அன்னத்தாய்.

சீனிச்சாமி கிட்டே போய் நிதானமாக அடிவரை வாசித்தார். "இந்தப் பேரு உங்களுதுதான?"

"அது பழைய தாளுங்க."

"அப்ப புதுசு எங்கன?"

கார்த்திக்ராஜ் என்னைப் பார்த்தார். பையிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். அழிந்த அளவுகளை எங்கள் சர்வரிலிருந்து திரும்ப ஏற்றும் வழியும் அதில் இருந்தது.

சீனிச்சாமி ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார். "ஆத்தா, நீ இங்கன உக்காரு. அம்புட்டு மூடையையும் மறுபடி பிரிக்கணும். இன்னைக்குச் சார் ஓட்டட்டும். நீ நாளைக்கு வந்து ஓட்டு."

கார்த்திக்ராஜ் மெஷின் முன்னால் குனிந்தார். சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. தாளை என் பக்கம் நீட்டி, மெதுவான குரலில், "முதல்ல எதை அமுக்கணும் பெனிஷா?" என்றார்.

"படிங்க சார்" என்றேன்.