பாதி ஆட்டுக்கல்

கிட்ட வந்து உட்காருங்கள் கண்ணுகளா. இன்னும் கொஞ்சம் நெருங்கி. வெளியே பனி இறங்குகிறது. ஒரு பாதி ஆட்டுக்கல்லின் கதை சொல்கிறேன். மூன்று வருஷம் ஒருத்தியின் நெஞ்சில் கிடந்த கல் அது.

ஏற்காட்டு மலையில் கொட்டச்சேடு என்கிற ஊர்க் காளியாயியின் புருஷன் சித்தன், கார்த்திகை மாதத்தில் ஒரு காலை, சைக்கிளில் இரண்டு மூட்டை கொய்யாவைக் கட்டிக்கொண்டு ஏற்காட்டிலிருந்து மலைப்பாதையில் இறங்கினான். பத்தடிக்கு அப்பால் தெரியாத பனி. பதினெட்டாவது வளைவைத் திரும்பினால் நடுரோட்டில் ஒரு கல். முன்சக்கரம் ஏறியது; ஆள் தடுப்புச் சுவரில் போய் விழுந்தான். உயிர் நின்றது. வலது கால் முட்டிக்கு மேலே போயிற்று.

கல் அங்கே எப்படி வந்தது என்று மலையில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். பாரம் ஏற்றிய லாரி வளைவில் திணறி நின்றால், பின்னுக்கு உருளாமலிருக்க கிளீனர் குதித்து டயருக்கு ஒரு கல்லை அண்டக் கொடுப்பான். லாரி நகர்ந்ததும் அதை எடுத்து ஓரத்தில் போட வேண்டும். எத்தனை பேர் போடுகிறார்கள்? ஓடுகிற வண்டியில் தொற்றிக்கொள்ளும் அவசரம். கல் கிடந்த இடத்திலேயே கிடக்கும்.

ஆனால் இது மலைக்கல் இல்லை. யார் வீட்டிலோ மாவரைத்து வழுவழுத்துப் போய், குழியோடு இரண்டாக உடைந்த சின்ன ஆட்டுக்கல்லின் ஒரு பாதி. சேதி கேட்டு ஓடிப்போன காளியாயி அதைத் தலையில் சுமந்து ஊர் திரும்பினாள்.

ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய சித்தன் அதைப் பார்த்தான். "காலைக் குடுத்துட்டுக் கல்லை வாங்கியாந்தியா? எதுக்குடி?"

"இதுக்கு ஒரு ஊடு இருக்குது. கண்டுபிடிக்கோணும்."

"கண்டுபிடிச்சா எங்காலு மொளைக்குமா?"

"உட்டுட்டுப் போனவன் காலும் போகும்."

சித்தன் சிரித்துவிட்டான். "அப்ப எடது காலாப் பாத்து எடு. ஒரு சோடி செருப்பு வாங்கி ஆளுக்கு ஒண்ணு போட்டுக்கறோம்."

அவள் சிரிக்கவில்லை. மிளகுக்கொடி படர்ந்த சில்வர் ஓக் மரத்தில் கிடுகிடுவென ஏறி மிளகு பறித்தவன், இப்போது கீழே உட்கார்ந்து யாரோ பறித்ததை உதிர்த்துக்கொண்டிருந்தான். அதைப் பார்க்கும்போதெல்லாம் அவள் விரல்கள் கல்லின் உடைந்த ஓரத்தைத் தடவும். நடுவில் ஒரு பள்ளம். எதிர்ப் பாதியில் பல் மாதிரி ஏதோ துருத்திக்கொண்டிருக்க வேண்டும்.

மூன்றாவது வருஷம் அந்தப் பல்லை அடிவாரத்தில் பார்த்தாள். பழம் விற்கப் போய்க் கூடையை இறக்கிய வீட்டு வாசலில், பாதி ஆட்டுக்கல்லின் குழியில் கோழிகள் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தன.

"இன்னொரு பாதி எங்கீங்க?" என்றாள், கொய்யாவைப் பொறுக்கிக்கொண்டே.

வீட்டுக்காரி சாந்தி சூதுவாது அறியாதவள். "ஒடைஞ்சு போச்சுன்னு எங்கூட்டுக்காரரு லாரிக்கு அண்டக் குடுக்க எடுத்துட்டுப் போனாருங்க. எங்கியோ உட்டுட்டாரு. லாரியை மேலயே நிறுத்திட்டு சனிக்கெழமை சாயங்காலந்தான் ஊட்டுக்கு வருவாருங்க. டிவிஎஸ் வண்டியில எஞ்சினை அணைச்சு உட்டாருன்னா, காத்தாட்டம் எறங்கிருவாரு."

அவன் பெயர் சின்னத்தம்பி. காளியாயி அன்று ஒரு பழம் கூடுதலாகவே கொடுத்தாள்.

அந்தச் சனிக்கிழமை கல்லைச் சாக்கில் கட்டி ஏற்காட்டில் சேலம் பஸ் ஏறினாள். கண்டக்டர் அருள்சாமி சாக்கைப் பிரித்துப் பார்த்தான். "ஏனுங்கம்மா, பாதி ஆட்டுக்கல்லுக்கு அரை டிக்கெட்டா போடறது?"

பதினெட்டாவது வளைவில் இறங்கி, சித்தன் விழுந்த அதே இடத்தில் கல்லை வைத்தாள். பனி வந்து மூடியது. காற்றைப் போல இறங்குகிறவன் காற்றைப் போலவே பறக்கட்டும்.

ஆனால் அவன் ஒருவனா வருவான்? மேலிருந்து சத்தம் கேட்டால் வளைவுக்கு ஓடி முந்தானையை வீசினாள். கீழிருந்து கேட்டால் அந்தப் பக்கம் ஓடினாள். ஒரு எஸ்டேட் ஜீப், புல்லுக்கட்டுக்காரிகள், சைக்கிளில் ஒரு கிழவர், எல்லோரையும் ஒதுக்கி ஒதுக்கி அனுப்பினாள். ஐந்து மணிக்கு அருள்சாமியின் பஸ்ஸே திரும்பி ஏறி வந்தது.

"கல்லை எடுத்துப் போடறத உட்டுட்டு கை காட்டீட்டு நிக்கறீங்களே! கிறுக்குப் புடிச்சுருச்சா?" என்று அவன் இறங்க வந்தான்.

அவள் ஓடிப்போய்க் கல்லின் மேல் உட்கார்ந்துகொண்டாள். "இது ஒருத்தருக்கு வெச்சிருக்கறது. நீ போ சாமி."

பஸ் ஒதுங்கிப் போயிற்று. வெகுநேரம் கழித்து மேலே டயர் உரசும் சத்தம். எஞ்சின் சத்தம் இல்லை. அவன்தான். காளியாயி முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு கையைக் கட்டி நின்றாள்.

பனிக்குள்ளிருந்து வந்தவன் வண்டியைத் தள்ளிக்கொண்டு நடந்து வந்தான்.

"சின்னத்தம்பியா?"

"ஆமாங்க."

"காத்தாட்டம் எறங்குவியாமே. ஏன் வண்டி மேல ஏறி வரல?"

"பாதி ஆட்டுக்கல்லு மேல ஒரு அம்மா உக்காந்திருக்குதுன்னு டீக்கடையில கண்டக்டரு சொல்லிச் சிரிச்சாருங்க. எனக்குச் சிரிப்பு வரல." அவன் கல்லைப் பார்த்தான். "எங்கூட்டுதுங்க. கிளீனரு எடுக்கத்தான் போனான். வண்டி நின்னா மறுக்கா ஏறாது, ஏறிக்கடான்னு நாந்தான் கத்தினேன். மறுநாளே கேள்விப்பட்டனுங்க, ஆள் விழுந்துட்டாருன்னு."

"தெரிஞ்சும் மூணு வருசமா?"

"பயமுங்க."

"தூக்கு."

"எங்கீங்க?"

"தலையில வை. மேல லாரி நிக்கற எடம் வரைக்கும்."

அவன் தூக்கினான். அவள் பின்னால் நடந்தாள். அடுத்த வளைவில், "கழுத்து ஒடையுதுங்க, ஒரு நிமிசம்" என்றான்.

"ஒடையாது. ஒடைஞ்சா எப்படிச் சத்தம் கேக்கும்னு எங்கூட்டுக்காரரு சொல்லுவாரு. நட."

ஏற்காட்டுக் கடைவீதி விளக்குகளின் அடியில் டிரைவர்கள் கூடிவிட்டார்கள். "என்னண்ணே, மாவாட்டப் போறியா?" என்றான் ஒருவன்.

"சொல்லு," என்றாள் காளியாயி.

கல்லை இறக்காமலே அவன் எல்லாவற்றையும் சொன்னான். சிரித்தவன் தலையைக் குனிந்துகொண்டான். அங்கே நின்றவர்களில் கல்லை ரோட்டில் விடாதவன் எவன்?

"உங்காலைக் கேக்கத்தான் வந்தேன்," என்றாள் அவள். "அது உங்கிட்டயே இருக்கட்டும், பிரேக்கு மிதிக்கறப்பெல்லாம் நெனைப்பு வரட்டும். இந்தக் கல்லுல ஓட்டை போட்டு, சங்கிலி மாட்டி உன் லாரியில கட்டு. நீ நகந்தா அதுவும் கூட வரோணும். ஒரு நாள் இல்லாமப் போச்சு, நான் மறுக்கா வளைவுல நிப்பேன். அன்னைக்கு யாருக்கும் கை காட்ட மாட்டேன்."

மறுவாரமே கட்டினான். மற்ற டிரைவர்களும் மரக்கட்டைகளைக் கயிறு போட்டு வண்டியோடு கட்டிக்கொண்டார்கள். அவள் மேல் இருந்த பயம்தான், வேறென்ன?

அன்று வீடு திரும்பியவளிடம் சித்தன் கேட்டான். "கல்லு எங்கடி?"

"சேர வேண்டிய எடத்துல சேத்துட்டேன்."

"எஞ்செருப்புக்கு ஆளு?"

"ஒத்தைச் செருப்பே போட்டுக்க."

அதன்பிறகு கொட்டச்சேட்டுச் சாலையில் சங்கிலி கலகலக்கும் சத்தம் கேட்டால் காளியாயி வெளியே வந்து நிற்பாள். "கல்லு இருக்குதா?" "இருக்குதுங்க." அவ்வளவுதான். மன்னித்தேன் என்று அவள் ஒரு நாளும் சொல்லவில்லை. அவனும் கேட்கத் துணியவில்லை.

உங்கள் வீட்டிலிருந்து கிளம்பிப் போகிற கால்கள் அத்தனையும், கண்ணுகளா, போனபடியே முழுசாகத் திரும்பி வந்து வாசலில் செருப்பைக் கழற்றட்டும். அந்தச் செருப்புகள் எப்போதும் சோடி சோடியாகவே கிடக்கட்டும்.