காத்து கம்மி

மாப்பிள்ளை கார் தேரடித் தெருவைத் தாண்டியதுமே அஜ்மத் பேகத்தின் கைக்குத் தெரிந்துவிட்டது. ஸ்டியரிங் இடப்பக்கமாக இழுத்தது. அம்பாசிடரை ஓரங்கட்டி, சாவியை எடுத்துக்கொண்டு இறங்கினாள். முன்சக்கரம் ஒன்று பாரம் தாங்காமல் தரையில் பிதுங்கிக்கொண்டிருந்தது.

“எல்லாரும் எறங்குங்க. காத்து கம்மியா இருக்குது.”

பின்சீட்டில் மடிமேல் மடியாக அடைந்திருந்த யாரும் அசையவில்லை. அவள் புருஷன் நசீர் அகமதுவின் தாய்மாமன் மஸ்தான் மட்டும் தலையை வெளியே நீட்டினார்.

“கீழ்பென்னாத்தூர்ல நிக்காஹ்வுக்கு எல்லாரும் வந்து உக்காந்துக்கினு இருப்பாங்க. மெதுவா ஓட்டிக்கினு போம்மா. பொம்பள கையில வண்டியக் குடுத்தா இப்படித்தான்.”

“மெதுவாவும் போக முடியாது மாமு.”

இரண்டு வருஷத்துக்கு முன்னால், எழுபத்தொன்பது கோடையில், இதே வண்டியை இதே ரோட்டில் நசீர்தான் ஓட்டிப் போனான். வண்டி நிறைய ஜவுளி மூட்டை. காற்று இறங்கிப்போன டயர் சூடேறி வெடித்து, கார் புளியமரத்தில் மோதியது. முழங்காலுக்குக் கீழே வலது கால் போயிற்று. பார்க்க வந்தவர்கள் தலையெழுத்து என்றார்கள். முதலில் சொன்னவர் இந்த மாமுதான். அஜ்மத் அதற்குத் தலையாட்டவில்லை. கிழிந்த டயரை வாசலிலேயே போட்டுவைத்து, வந்தவர்களிடமெல்லாம், “எழுத்து இல்லீங்க, இதுதான்” என்று காட்டினாள். பிறகு தானே வண்டி ஓட்டக் கற்றுக்கொண்டாள். தெருவே முறைத்தது. அவளும் திருப்பி முறைத்தாள்.

இப்போது முன்கதவு திறந்தது. நசீர் கக்கத்துக் கட்டையை ஊன்றி முதல் ஆளாக இறங்கினான். மாமு எதிரில் வாய் திறந்தே பழக்கமில்லாதவன்.

“எறங்குங்க மாமு. ஒரு கால் போனது போதும்.”

அப்புறம் யாரும் உட்கார்ந்திருக்கவில்லை. மாப்பிள்ளை ஜானி பாஷா, நசீரின் தம்பி, முகத்தை மறைத்த பூச்சரத்தைத் தோளில் தள்ளிவிட்டு டிக்கியிலிருந்து பம்பை எடுத்தான்.

“நீங்க நவுருங்க பாபி, நான் அடிக்கிறேன்” என்றான் அண்ணியிடம்.

டீக்கடைக் கூட்டம் வேடிக்கை பார்க்க வந்துவிட்டது. “மாப்பிள்ளைக்கு இப்பவே வேலை குடுத்துட்டாங்கடோய்!” என்று எவனோ கத்தினான். பட்டுப்புடவை மண்ணில் புரள, அஜ்மத் குந்தி உட்கார்ந்து கேஜை வைத்துக் காற்றின் அளவைப் பார்த்தாள். “இன்னும் கொஞ்சம் அடி.” வால்வில் எச்சில் தடவி, குமிழி வராததைக் கண்டபின் மூடியை இறுக்கினாள். அவசரப்படாமல் மற்ற மூன்றையும் பார்த்தாள்.

“காத்து சரியா இருக்குது. ஆளுதான் ஜாஸ்தி. மூணு பேரு பஸ்ல வாங்க.”

மஸ்தான் இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு விருட்டென்று நடந்தார். அவருடைய பஸ் முந்திக்கொண்டது. கார் போய்ச் சேர்வதற்குள் பெண்வீடு முழுக்கச் சேதி பரவியிருந்தது.

“நடுரோட்டுல மாப்பிள்ளைய காத்தடிக்க வெச்சீங்களாமே?” என்றார் பெண்ணின் வாப்பா, சிரிக்காமல்.

“ஆமாங்க. நான்தான் வெச்சேன். முழுசா கூட்டிக்கினு வந்திருக்கேன், பாத்துக்குங்க.”

திரைக்குப் பின்னால் பெண்கள் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். நிக்காஹ் நடந்தது. பிரியாணியும் ஆறவில்லை.

புறப்படும்போது மஸ்தான் வழிமறித்தார். “இனிமே உன் வண்டியில ஏறவே மாட்டேன்.”

“உங்க இஷ்டம் மாமு. ஏறுனா, நான் சொல்றப்ப எறங்கணும்.”

அவர் கடைசிவரை அந்த வண்டியில் ஏறவில்லை. அவளும் சமாதானம் பேசப் போகவில்லை.